வெதர்லியைத் தேடிப் போன செவ்வாய்க்கிழமை

காலை எட்டு ஐம்பது. ஹவுன்ஸ்லோ வீட்டுக் குசினியில் குந்தியிருந்து சப்பாத்துக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். 1993ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். வெளியில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, லண்டனின் வழக்கமான மூஞ்சி. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த இரத்தினம் அண்ணை தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வெள்ளைக்காரத் துரை, லீவு நாளிலை மனிசர் படுத்துக் கிடப்பினம். நீ கோட்டும் போட்டு வெளிக்கிட்டிட்டாய்?"

"ஊருக்குப் போறன் அண்ணை."

"எந்த ஊருக்கு? கட்டுவனுக்கோ?"

"வெதர்லிக்கு."

"உனக்கு விசர் முத்தீட்டுது" என்று சொல்லிவிட்டுப் பாணை எடுத்து டோஸ்டருக்குள் வைத்தார்.

வாசகர்களுக்கு இந்தப் பெயர்க் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ வெள்ளைக்காரனுக்கு மருமகன் என்று நினைப்பீர்கள். என் பூட்டன் கந்தன் என்ற பெயரோடுதான் தெல்லிப்பளை மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கடலுக்கு அப்பால் யாரோ ஒரு புண்ணியவான் உதவி செய்வார். அவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். போன கந்தன் படிப்பு முடித்து வெதர்லியாகத் திரும்பி வந்தார். ஊரில் தகப்பன் பெயரைத்தான் பிள்ளைகள் முன்னுக்குப் போடுவார்கள், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் இந்த வெதர்லி பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா வெதர்லி வாத்தியார். நான் ஜெயம் வெதர்லி.

ஆனால் இந்த ஹவுன்ஸ்லோ வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஐந்து பேர் இருக்கிறோம், ஐந்து பேருக்கும் ஐந்து ஷிப்ட், மாதக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலும் இருப்போம். ஒருவரை ஒருவர் ஊர்ப்பெயர் சொல்லித்தான் பேசிக்கொள்வது. 'அளவெட்டியின்ரை பாலை ஆர் குடிச்சது?', 'கட்டுவன் குளிக்கிறான், பொறு.' கட்டுவன் நான்தான்.

அந்தக் கட்டுவன் இப்போது இல்லை. பலாலி விமானத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் இராணுவத்திடம் போக, சனம் இடம்பெயர்ந்து எழும்பியது. அப்பாவும் எழும்பி, சாவகச்சேரியில் தெரிந்த ஒருவர் வீட்டின் பின் அறையில் இருக்கிறார். வயது எழுபத்தாறு, நெஞ்சு வருத்தம், அம்மா போய் ஒன்பது வருடம். வீட்டையும், வெங்காயம் போட்ட செம்மண் தோட்டத்தையும் மூன்று வருடமாக அவர் கண்ணால் காணவில்லை. ஓடுபாதையை நீட்டுகிறார்கள், வீடுகளை இடிக்கிறார்கள் என்று கதை வரும். எது உண்மை, எது பொய் என்று ஒருவருக்கும் தெரியாது. என் அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் கிடக்கிறது, முடிவு வரும்வரை நானும் போய்ப் பார்க்க ஏலாது. எங்களுக்குள் இருப்பது கடிதம் மட்டுந்தான், அதுவும் கொழும்பு சுற்றி வந்துசேர இரண்டு மூன்று மாதம் எடுக்கும்.

ஆடி மாதம் வந்த கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: "வெதர்லி எண்டது ஒரு பிரபுவின் ஊர் எண்டு என்ரை அப்பா சொல்லுவார். நீ அங்கைதானே இருக்கிறாய், தேடிப் பார். கோட்டை, தேவாலயம் ஏதும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. இந்தச் சுவரிலை ஒட்டி வைப்பன். எங்கடை எண்டு சொல்ல ஒரு இடமாவது எங்கையாவது நிக்குது எண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும்."

அந்தக் கடைசி வசனம் என்னைப் பிடித்து உலுப்பியது. மனுஷன் வாழ்க்கையில் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

முதலில் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். டெலிபோன் புத்தகத்தை விரித்தேன். லண்டனில் மூன்று வெதர்லிகள் இருந்தார்கள். பெயர் ஒன்றென்றால் எங்கேயோ ஒரு சொந்தம் இருக்கத்தானே வேண்டும்? எங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் கேட்பதைப் போல, "நானும் வெதர்லிதான். நீங்கள் எந்த ஊர், ஆரின்ரை மகன்?" என்று கேட்டேன். முதலாமவர், ஜன்னல் கண்ணாடி விற்கிற ஆள் என்று நினைத்து, வேண்டாம் என்று வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டில் ஆன்சரிங் மெஷின் கதைத்தது. மூன்றாவது ஒரு அம்மா. ஊர் தெரியாது என்றார். தாத்தாவின் பெயர் கேட்டேன், அதுவும் தெரியாது என்றார். பிறகு நல்ல மனதோடு, "பழைய பத்திரங்கள் வைத்திருக்கும் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்களேன்" என்றார். தாத்தாவின் பெயர் தெரியாமல் ஒரு மனிதர் எப்படி நிம்மதியாக நித்திரை கொள்வார் என்று யோசித்தபடி ரிசீவரை வைத்தேன்.

காலை ஒன்பது முப்பத்தாறு. ஒன்பதரைக்குப் பிறகு வாங்கினால் ஒருநாள் டிக்கெட் மலிவு, மூன்று பவுண் எழுபது பென்ஸ். ஹவுன்ஸ்லோ வெஸ்ட்டில் ஏறினேன். கிங்ஸ் குரொஸ் வரை ஐம்பது நிமிடம். எதிரே இருந்தவர்கள் ஆறு பேரும் பேப்பரால் முகத்தை மூடியிருந்தார்கள். என்னிடம் பேப்பர் இல்லை. அப்பாவின் கடிதத்தை எடுத்து விரித்து நானும் முகத்தை மூடிக்கொண்டேன்.

பத்து ஐம்பது. கிளார்க்கன்வெல் பக்கத்தில் அந்தப் பழைய பத்திர அலுவலகம், ஒரு செங்கல் கட்டடம். பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பேனை கூடாது, பென்சில் மட்டும். உள்ளே பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு விளக்கு. இருமலைக்கூட அனுமதி கேட்டு இருமுவார்கள் போலிருந்தது. மேசையில் இருந்த பெண்ணுக்கு நல்ல தடிமன், மூக்கு செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தது. வெதர்லி என்ற பெயரைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "உங்கள் பெயரைக் கேட்டேன், தேடுகிற பெயரை அல்ல" என்றாள். விமான நிலைய வேலை அட்டையை எடுத்து நீட்டினேன். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள், தும்மினாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்காகப் பட்ட பாட்டை மறக்கக் கூடாது. தடித்த புத்தகங்களை இரண்டு இரண்டாகத் தூக்கி வந்தாள். பதினொன்றரையாயிற்று, பன்னிரண்டாயிற்று. இங்கிலாந்தில் வெதர்லிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் முளைத்திருக்கலாம் என்றும், ஆனால் லண்டனுக்கு மேற்கே ஒரு பழைய பண்ணையில் பிரபு வழக்குத் தீர்த்ததை எழுதிவைத்த சுருளில் மிகப் பழைய வெதர்லி ஒருவன் இருக்கிறான் என்றும் சொன்னாள். பதின்மூன்றாம் நூற்றாண்டு, லத்தீன் எழுத்து. விரலை வைத்து வாசித்து எனக்கு இங்கிலீஷில் சொன்னாள்: வெதர்லியைச் சேர்ந்த ஜோன் என்பவனின் செம்மறிகள் பிரபுவின் பார்லி வயலுக்குள் போய் மேய்ந்துவிட்டன, அதற்கு இரண்டு பென்ஸ் அபராதம்.

"அப்ப பிரபு ஆர்?" என்றேன்.

"பிரபு வேறு ஆள். உங்கள் ஆள் செம்மறிக்காரன்."

போச்சுது! நாலு தலைமுறையாகக் கட்டிய கோட்டை ஒரு தும்மலில் விழுந்தது. பெயருக்கு அர்த்தம் ஏதும் உண்டோ என்று கேட்டேன். லி என்றால் காடு வெட்டிய வெளி என்றாள். வெதர் என்றால் ஆட்டுக்கிடாய், ஆனால் சாதாரணக் கிடாய் இல்லை என்று சொல்லிவிட்டுத் தயங்கினாள். கையால் கத்திரிக்கோல் மாதிரி ஏதோ காட்டப் போய், பாதியில் விட்டுவிட்டாள். விளங்கிவிட்டது. விதை எடுத்த கிடாய், நலமடிச்ச கிடாய்! வெதர்லி வாத்தியார் குடும்பம், நலமடிச்ச கிடாய்கள் மேய்ந்த வெளி! என்னை அறியாமல் பலத்துச் சிரித்துவிட்டேன், மேசை மேசையாகத் தலைகள் நிமிர்ந்தன. அவளும் கைக்குட்டைக்குள் சிரித்தாள். ஏழு வருடத்தில் இந்த நாட்டுக்காரர் ஒருவரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அவள் சொன்ன ஒரு விஷயம் இப்போதும் மனதில் நிற்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கிறவனை ஒருவரும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். விட்டுவிட்டுப் போனவனைத்தான், போன இடத்தில் அப்படிக் கூப்பிடுவார்களாம். இந்த ஜோனும் தன் வெளியை விட்டுப் பக்கத்துப் பண்ணைக்கு வந்த பிறகுதான் வெதர்லிக்காரன் ஆனானாம். எனக்கு எங்கள் குசினி ஞாபகம் வந்தது. அங்கே நான் கட்டுவன் என்று சொன்னேன். அவளுக்கு அது சரியாக விளங்கியதா தெரியாது, தலையை மட்டும் ஆட்டினாள்.

"இடம் எது? அதைப் போய்ப் பார்க்க ஏலுமோ?"

ஒரு பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். சின்னச் சின்ன வயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பழமரத் தோட்டங்கள், ஒரு குளம், நாலைந்து வீடு. பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு வயலைத் தொட்டாள். வெதர்லி என்று பூச்சி எழுத்தில் இருந்தது. பக்கத்தில் புதிய வரைபடத்தை விரித்து, அதே இடத்துக்குப் பென்சிலைக் கொண்டுபோனாள். பென்சில் நின்ற இடத்தில் ஒரு நீண்ட வெள்ளைக் கோடு.

ஹீத்ரோ விமான நிலையம், வடக்கு ஓடுபாதை.

போர்க்காலத்தில் அரசாங்கம் காணி எடுத்தது, அந்தக் குடியிருப்பு முழுவதும் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றாள். மன்னிக்க அவள் என்ன செய்தாள்? நான் முதலாம் டெர்மினலில் இரண்டாம் மாடி துடைக்கிறவன். அந்த மாடிக்குக் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடக்கு ஓடுபாதை. ஐந்து வருடமாக வெதர்லியைப் பார்த்துப் பார்த்துத்தான் துடைத்திருக்கிறேன்.

ஒரு மணி பத்து. ரோட்டோர வாங்குப் பலகையில் குந்தியிருந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முட்டை சான்ட்விச்சைச் சாப்பிட்டேன். அப்பாவுக்கு என்ன எழுதுவது? ஒரு ஓடுபாதை அவருடைய வீட்டைத் தின்றது. அவருடைய பெயரைத் தின்றதும் ஓடுபாதைதான் என்று எழுதவா? அதை வாசித்தால் அந்த நெஞ்சு தாங்குமா? வேறு ஏதாவது ஒரு தேவாலயத்தைப் படம் பிடித்து, இதுதான் வெதர்லி என்று அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சுவரில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். அழுகை வந்தது. அழுதேன். லண்டனில் ஒரு வசதி உண்டு, பகலில் ரோட்டில் இருந்து அழுதாலும் ஒருவரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் யாராவது ஹார்மண்ட்ஸ்வேர்த் கிராமத்தில் இருப்பார்கள், கேட்டுப் பார் என்று அந்தப் பெண் கடைசியில் சொல்லியிருந்தாள். தேவாலயம் ஒன்று அங்கேயும் இருக்கும், பொய்ப் படத்துக்கு உதவும் என்று நினைத்துத்தான் வெளிக்கிட்டேன். வந்த வழியே ரெயிலில் ஹவுன்ஸ்லோ வெஸ்ட். அங்கிருந்து 81ஆம் நம்பர் பஸ், பாத் ரோட்டால் ஐந்து மைல். வலது கைப்பக்கம் ஹோட்டல்கள், இடது கைப்பக்கம் விமான நிலைய வேலி. இறங்கி வடக்கே முக்கால் மைல் நடக்க வேண்டும்.

மூன்று இருபது. கிராமத்துத் தேவாலயம் சின்னது, வடிவானது. செங்கல் கோபுரம், அதற்குப் பின்னால் மரத்தால் செய்த ஒரு பென்னம்பெரிய களஞ்சியம். கமராவை எடுத்தேன். படம் பிடிக்கப் போகும் நேரம், கல்லறைகளுக்கு நடுவில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் மெஷினை நிற்பாட்டி, யாரையாவது தேடுகிறாயா என்று கேட்டார். "வெதர்லி" என்றேன். "அப்படி ஒரு கல்லறை இங்கே இல்லை. ஆனால் எங்கள் வயல் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது" என்றார்.

அவர் பெயர் ரோன். காணி போனபோது அவருக்குப் பதினான்கு வயது. நான் என் அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வாசித்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உயிரோடு ஒரு வெதர்லியை இப்போதுதான் காண்கிறாராம். செம்மறிக் கதையைச் சொன்னேன். "இந்த முறையாவது கட்டி வை" என்றார், சிரிக்காமல்.

நாலு மணிக்கு அவருடைய பழைய வான் வண்டியில் ஏறி வேலிக்குப் போனோம். ஓடுபாதைக்கு நேரே பாத் ரோட்டு ஓரம் ஒரு புல் திட்டு. விமானம் பார்க்கிற பொழுதுபோக்குக்காரர் மூன்று பேர் தேத்தண்ணிப் போத்தலும் குறிப்பெழுதும் கொப்பியுமாக நின்றார்கள். ரோன் வேலிக் கம்பிக்குள் விரலை விட்டுக் காட்டினார். அந்த மஞ்சள் பலகை தெரிகிறதா, அதற்குக் கொஞ்சம் இங்கால்தான் கிணறு. அதிலிருந்து அந்த வெள்ளை விளக்கு வரைக்கும் வெதர்லி. ஒரு பெரிய விமானம் கிணற்றுக்கு மேலால் ஓடி எழும்பியது. அது போய் முடியும்வரை ரோன் கம்பிக்குள் விட்ட விரலை எடுக்கவில்லை.

"மண் எப்படி?" என்று கேட்டேன். வெங்காயத் தோட்டம் செய்த வாத்தியாரின் மகன் வேறு என்ன கேட்பான்?

மனுஷனின் முகம் மலர்ந்துவிட்டது. லண்டனைச் சுற்றி அப்படி ஒரு மண் இல்லையாம். கல்லே அகப்படாதாம், மண்வெட்டி வெண்ணெய்க்குள் போவது போலப் போகுமாம். முட்டைக்கோவா, முள்ளங்கி, நெல்லிக்காய் அளவில் காய்க்கிற களைகோவா, பிளம்ஸ், விடியமுன்னம் லண்டன் சந்தைக்கு வண்டி கட்டுவார்களாம். உன் பக்கத்து மண் எப்படி என்று என்னைக் கேட்டார். ஏழு வருடத்தில் என்னை இந்தக் கேள்வி கேட்ட முதல் வெள்ளைக்காரர் அவர். சிவப்பு, மழை பெய்தால் காலோடு வரும், வெங்காயத்துக்கு அதைவிட மண் இல்லை என்றேன். இப்போது அங்கே என்ன போடுகிறீர்கள் என்றார். இப்போது அங்கேயும் விமானங்கள்தான் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வேலியைப் பார்த்தார்.

"என் அப்பா கடைசி நாள் காலையிலும் களைகோவா பிடுங்கினார். மத்தியானம் மெஷின் மற்றப் பக்கத்தால் வந்துகொண்டிருந்தது" என்றார். "நட்டஈடு தந்தார்கள். பிறகு ஊர்ச்சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பார்க்க வரும். நாங்களும் வருவோம். அப்பா ஒருநாளும் வந்ததில்லை."

கமராவை எடுத்து வேலிக் கம்பிக்கூடாகப் படம் பிடித்தேன். கொன்கிறீட்டும் புல்லும் மஞ்சள் பலகையும். ரோன் தன்னை அதில் சேர்க்க வேண்டாம் என்றார். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் வளவில் நின்ற ஒரு மரத்தில் நாலு ஆப்பிள் பிடுங்கித் தந்தார். வெதர்லி ஓரத்தில் நின்ற மரத்தில் தகப்பன் வெட்டி எடுத்த தடியை ஒட்டி வளர்த்த மரமாம்.

ஐந்து ஐம்பது. பஸ் தரிப்பில் குந்தியிருந்து ஒரு ஆப்பிளைக் கடித்தேன். பல்லுக் கூசியது. ஆனால் விதை வரைக்கும் தின்றேன். வீட்டில் இரத்தினம் அண்ணைக்கு ஒன்று கொடுத்தேன். "சீ, என்ன புளி! இதுக்கோ மூண்டு பவுண் எழுபது குடுத்துப் போனனி?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மிச்சத்தையும் அவர்தான் முடித்தார்.

அன்றைக்குத் தொடங்கிய கடிதத்தை ஒரு கிழமை எழுதினேன். முதல் கடிதத்தில் தேவாலயம் வெதர்லியில் நின்றது. அதைக் கிழித்தேன். என் அப்பா பிள்ளைகளின் கணக்குக் கொப்பியை விளக்கில் பிடித்துப் பார்த்துக் களவு கண்டுபிடிக்கிற வாத்தியார். என் பொய் அவரிடம் நிற்காது. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். செம்மறி, நலமடிச்ச கிடாய், அபராதம், ரோன், மண், ஆப்பிள். ஓடுபாதையை மட்டும், போர்க்காலத்தில் அரசாங்கம் காணியை எடுத்தது என்று இரண்டே வரியில் எழுதினேன். வேலிப் படத்தையும் வைத்தேன். ஒட்டிய கடிதத்தைத் தபாற்பெட்டிக்குள் விட்ட பிறகு, கையை உள்ளே விட்டு எடுக்க ஏலுமோ என்று பார்த்தேன்.

பதில் பங்குனியில் வந்தது. மூன்றாம் ஷிப்டுக்கு வெளிக்கிடும்போது வாசலில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய், இரண்டாம் மாடிக் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து வாசித்தேன். எழுத்து முன்னையைவிட நடுங்கியிருந்தது. ஆனால் நான் பயந்தபடி ஒன்றும் இல்லை. கிடாய்க் கதையை வாசித்துச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டதாம், வீட்டுக்காரர் தண்ணி கொண்டு ஓடி வந்தாராம். பிரபு போனது நல்லது, செம்மறிக்காரன் எங்கடை ஆள் மாதிரி இருக்கிறான் என்று எழுதியிருந்தார். படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். ரோன் என்ற அந்த மனுஷனுக்குத் தன்னுடைய அன்பைச் சொல்லட்டாம், மண் தெரிந்த மனுஷன் என்று தெரிகிறதாம்.

கடைசி வரிகள் பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பலகையைத் தாண்டி ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாய். ஒண்டை மட்டும் விட்டிட்டாய். அங்கை சண்டை முடிஞ்சு கன வருஷம்தானே. அந்தச் சனத்துக்குக் காணியை எப்ப திருப்பிக் குடுத்தவை எண்டு நீ எழுதேல்லை. விசாரிச்சு எழுது. எங்களுக்கும் எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு ஒரு கணக்குப் பாக்கலாம்."